இழப்பு மீட்டல்

ஏழாவது ஜாடி.
இனங்கண்டு குறிப்பு வரைக.
பெயருக்கு ஒன்று, குறிப்புக்கு இரண்டு.
மணி அடித்தால் எட்டாவதுக்கு நகர வேண்டும்.

பரமக்குடியிலிருந்து வந்த தேர்வாளர்
கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.
ஃபார்மலின் ஒத்துக்கொள்ளவில்லையோ
மண்டபமே ஒத்துக்கொள்ளவில்லையோ.
உப்புக்காற்றில் இறுகிய நுண்ணோக்கித் திருகை
நாகூர்கனி அண்ணன் நேற்றுத்தான்
தேங்காயெண்ணெய் விட்டுத் திருப்பினார்.
வெங்காயத் தோலின் உயிரணுக்கள்
இன்னும் மணக்கின்றன.

ஜாடிக்குள் வெளிறிப்போய்,
தலை எது வால் எது தெரியாமல்
சாய்ந்து கிடக்கிறது.
ஒட்டியிருக்கும் சீட்டில் ஊர் இல்லை.
வடகடலா, தென்கடலா?
பிடித்தவன் யார்?
அவன் பிடித்த வருஷத்தில் அது
குற்றமா, வேலையா?

ஹோலோதூரியா.
ஹோ, லோ, தூ, ரியா,
நாலு கவளமாய் விழுங்கிக்கோடி என்று
செய்யதம்மாள் சொல்லித்தந்த பெயர்.
பிழையில்லாமல் எழுதிவிட்டேன்.
தொகுதி: முட்தோலிகள்.

எங்கள் வீட்டில் அது அட்டை.
அதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
'சாமான் வந்திருக்கு' என்பான் ஜெரோன் அண்ணன்.
பின்கட்டில் பாதி வெட்டிய டிரம் கொதிக்கும்.
தாவரவியல் புத்தகத்தால் புகையை விசிறியபடி
ஒளிச்சேர்க்கையின் இருள்வினையை
நான் மனப்பாடம் செய்வேன்.
முழ நீளத்தில் உள்ளே போனது
விரல் நீளத்தில் வெளியே வரும்.
சுருங்கச் சுருங்கத்தான் அதற்கு விலை.

உச்சிப்புளி தாண்டி வண்டியை மறித்தார்கள்.
மறுநாள் பேப்பரில் படம்:
தரையில் வரிசையாய் அட்டைகள்,
பின்னால் குந்தியிருக்கும் அண்ணன்.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் போட்டிருந்தார்கள்.
இரண்டு இனங்கள் கலந்திருந்தன.
எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது,
அண்ணன் முகம் இரண்டாவதாக.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வனத்துறை அலுவலகத்தில் அம்மாவிடம்
வண்டியைக் காட்டிக் கேட்டார்கள்,
சட்டையைக் காட்டிக் கேட்டார்கள்.
அவளும் இனங்கண்டாள்.
மதிப்பெண் எதுவும் இல்லை.

முதல் குறிப்பு: குழல்கால்களால் நகரும்.
இரண்டாவதுக்கு நிறைய இருக்கிறது.
எதிரி நெருங்கினால்
தன் குடலையே வெளியே துப்பிவிட்டுத் தப்பும்,
சில வாரங்களில் புதுக்குடல் வளரும்.
பன்னிரண்டாம் வகுப்பு, முதல் பாடம்,
இழப்பு மீட்டல்.
அம்மாவும் துப்பினாள்:
வள்ளத்து என்ஜின், கம்மல்,
எனக்கென்று போட்டிருந்த சீட்டுப்பணம்.
வக்கீல் ராமநாதபுரத்திலிருந்து
வாய்தா வாய்தாவாய் வந்து தின்றார்.
எத்தனை வாரத்தில் வளரும் என்பதற்கு
எங்கள் வீட்டுக்குப் பாடம் இல்லை.

குடலைப் பற்றி எழுத நினைத்தேன்.
கை வேறொன்று எழுதியது:
'இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரி.
பிடிப்பதும் விற்பதும் குற்றம்.'
வழக்குத் தாளில் அண்ணன் பெயருக்குக் கீழே
ஏறக்குறைய இதே வரி.
அங்கே அவனுக்குப் பதினெட்டு நாள்,
இங்கே எனக்கு ஒரு மதிப்பெண்.

தேர்வாளர் எட்டிப் பார்த்தார்.
கைக்குட்டைக்குள்ளிருந்து
'குட்' என்ற மாதிரி ஒரு சத்தம்.

மணி.

எட்டாவது ஜாடி, நட்சத்திர மீன்.
இது சுலபம், எல்லோரும் எழுதுவார்கள்.
ஒரு கை மட்டும் குட்டையாய் இருந்தது.
கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பார்த்தேன்.
ஒடிந்த இடத்தில் நகக்கண் அளவு
ஒரு மொட்டு.

வளரத் தொடங்கியபோது
பிடித்திருக்கிறார்கள்.